சட்டையைக் கழற்றாத மாப்பிள்ளை

நாளை மறுநாள் முதல் இந்த முன்மேசை உங்களுடையது. சாவி எங்கே இருக்கும், சம்மதப் படிவம் எந்த அலமாரியில், ரத்தம் எடுப்பவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதையெல்லாம் மேலாளர் தனித்தாளில் அச்சிட்டுக் கொடுப்பார். அந்தத் தாளில் இல்லாத சிலவற்றை நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் போலப் பேசுகிறாளே என்று தோன்றலாம். ஏழு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற ஆண்களிடமிருந்து பேச்சை வரவழைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

நம் பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கிற்கு எல்லா வகையான ஆட்களும் வருவார்கள். தீக்காயத் தழும்பு, வெட்டுத் தழும்பு, வழுக்கை. தங்களுக்கு என்னவென்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு வகை ஆண்கள் மட்டும் சொல்லமாட்டார்கள். முடி கொட்டுகிறது என்று ஆரம்பிப்பார்கள். நண்பனுக்காக விசாரிக்க வந்தேன் என்பார்கள். ஒருவர் ஏசி மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு வந்து, உண்மையாகவே ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டியிருப்பார்கள்.

என் முதல் வாரத்தில் எனக்கு இது தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டியிருந்தேன். அந்தத் தெம்பில் கூடத்துக்கு நடுவில் நின்று கணீரென்று கேட்டேன்:

"மார்பைச் சின்னதாக்குற ஆபரேஷனுக்கு வந்தவங்க யாருங்க?"

கூடத்தில் எட்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் அடிக்காத போனை எடுத்து "சொல்லுங்க" என்றார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இது பல்லு டாக்டருங்கதானே?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவரும் "ஆமாங்க" என்றார். ஐந்தே நிமிடத்தில் கூடம் காலி. டாக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல குரல். பீளமேடு வரைக்கும் கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் கூப்பிட்ட ஆள் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து டோக்கன் எண் மட்டும்தான். பெயர் இல்லை, வியாதி இல்லை. ரகசியம் என்றால் என்னைப்போல் காக்க ஆளில்லை என்று ஒரு பெருமையும் வந்து சேர்ந்தது. அந்தப் பெருமை எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கதையில் வருகிற இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இளையவருக்குச் செந்தில் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரியவர், "எழுதிக்க அம்மணி, ஊரை மட்டும் மாத்திப்போடு" என்றார். ஆகவே அவரைத் தாராபுரத்துக்காரர் என்று எழுதுகிறேன். அவர் ஊர் அது இல்லை.

செந்தில் வந்தது சித்திரை மாதத்தில். வயது இருபத்தெட்டு. கருமத்தம்பட்டியில் அப்பாவும் அவரும் சேர்ந்து தறி ஓட்டுகிறார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். அவர் உள்ளே இரண்டு பனியன், மேலே சட்டை, அதற்கு மேலே ஜெர்கின் போட்டுக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய என் முன்னால் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, என்ன தொந்தரவுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதானுங்க வந்தேன்."

"லிப்டு ரிப்பேருங்க. மூணு மாடி ஏறி சும்மா யாரும் வரமாட்டாங்க."

சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குருவாயூர் போயிருக்கறீங்களா?"

"இல்லீங்க."

"நான் ஆறு தடவ போயிருக்கறேனுங்க. உள்ள போனதில்ல. அங்க ஆம்பளைங்க சட்டையக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகோணும். நான் வெளிய நின்னு எல்லார்த்து செருப்புக்கும் காவலுங்க. இப்ப எங்க சொந்தத்துல யாரு குருவாயூர் போனாலும் கார்ல எனக்கொரு எடம் உண்டு. செந்திலு வந்தா செருப்புக்குக் கவலையில்லைன்னு பேராயிப்போச்சுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார்: எட்டாவது படிக்கும்போது கிணற்றில் குளிக்கையில் ஒருவன் ஏதோ சொன்னான், அதோடு கிணற்றை விட்டாயிற்று. இப்போது கல்யாணம் உறுதியாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். அவர்கள் வீட்டு வழக்கப்படி முந்தின நாள் மாப்பிள்ளையை மேல்சட்டை இல்லாமல் மணையில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அருகம்புல்லில் எண்ணெய் தொட்டு வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"ஐநூறு பேருங்க. வீடியோக்காரன் டிரோன் வேற கொண்டாரானாமா."

சித்திரையில் ஜெர்கின் போடுகிறவரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். அப்பா நூல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எங்கே எதைப் படிக்கச் சொன்னாலும், "கண்ணாடி கொண்டாரலீங்க" என்பார். அவர் வாழ்நாளில் கண்ணாடி வாங்கியதே இல்லை. சட்டைப்பையில் மட்டும் எப்போதும் ஒரு பேனா இருக்கும். மனிதர்கள் எதை மறைக்கிறார்கள் என்று தேடாதீர்கள். எதைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போதும்.

"கட்டிக்கப்போற பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அதெப்படீங்க சொல்றது?"

"எனக்குச் சொன்னீங்கல்ல. அப்படித்தான். குருவாயூர்ல ஆரம்பிங்க."

அவர் தலையாட்டினார். செய்வார் என்று நான் நம்பவில்லை.

வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். நாம் டாக்டர் இல்லை, ஆனால் கேட்கிறவருக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. வயதுக்கு வருகிற பையன்கள் எத்தனையோ பேருக்கு இது வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே வடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பையனை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு வந்தால், டாக்டர் பார்த்துப் பேசிவிட்டு வீட்டுக்குத்தான் அனுப்புவார். சிலருக்கு வடியாது. சிலருக்கு வேறு வியாதிக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் வரும். சிலருக்கு ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியால் வரும். வயதானவருக்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் கட்டியாக வந்தால், சிரிக்காமல் உடனே உள்ளே அனுப்புங்கள். அபூர்வமாக அது புற்றாகவும் இருக்கும். ஆணுக்கு அது வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு.

செந்தில் ஆறு வருடம் தண்டால் எடுத்துப் பார்த்திருந்தார். டாக்டர் அவரையே விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். "மேல இருக்கறது கொழுப்பு, பஞ்சாட்டம் நழுவும். காம்புக்கு அடியில ரப்பர் பொத்தானாட்டம் ஒண்ணு நிக்குதா? அது சுரப்பி. நீ தண்டால் எடுத்தா கைதான் பெருக்கும், அது அப்படியேதான் இருக்கும்." ரத்தத்தில் ஹார்மோன் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வைகாசியில் அறுவைச் சிகிச்சை. சின்னத் துளை வழியாகக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெட்டு, அதன் வழியாகச் சுரப்பி வெளியே. மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஆறு வாரத்துக்கு உடம்பை இறுக்கிப் பிடிக்கிற கறுப்புப் பனியன் போட வேண்டும், கனம் தூக்கக் கூடாது.

வீட்டில், சூரத்துக்குத் தறி பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். சரவணம்பட்டியில் ஒரு நண்பன் அறையில் நான்கு நாள் படுத்திருந்தார். சூரத் போகிறவனிடம் அம்மா சேலை கேட்காமல் இருப்பார்களா? படுத்துக்கொண்டே ஆன்லைனில் ஒரு சேலை வாங்கினார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஈரோட்டு முகவரி. அதைக் கத்தரித்து எறிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாராம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் உறுதியான பிறகும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது நிற்காது. டீக்கடையில் விசாரிப்பார்கள், மாவு மில்லில் விசாரிப்பார்கள், அவர் முடி வெட்டுகிற இடத்தில் விசாரிப்பார்கள். பெண்ணுக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பாதான் எல்லாம்; நான் சொன்ன தாராபுரத்துக்காரர். அவர் வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை. அந்தப் பெரியப்பாவின் காதுக்கு, மாப்பிள்ளை நம் கட்டடத்திலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை யாரோ பார்த்த செய்தி போயிருக்கிறது. இந்தக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு டாக்டர். மாடி மாடியாகப் போன் செய்து, மூன்றாவதாக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கருமத்தம்பட்டி செந்திலு அங்க வைத்தியத்துக்கு வர்றாப்லீங்களா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"நோயாளிகளோட விவரத்தை வெளிய சொல்றதில்லீங்க. அவரோட ஃபைல் ரொம்ப ரகசியமுங்க."



"ரொம்ப ரகசியமுங்களா?"

"ரொம்பங்க."

"சரீங்க அம்மணி."

டீ கொண்டுபோகும்போது இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அதாவது, ஃபைல் ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்ட. அதுவும் ரொம்ப ரகசியமான ஃபைல்."

அன்று ஒரு தாளில் எழுதிப் போனுக்கு அடியில் ஒட்டினேன். 'இங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று எதையும் சொல்வதில்லை.' வந்தவர் பெயரைக் கேட்டாலும் இதே பதில், வராதவர் பெயரைக் கேட்டாலும் இதே பதில், இதே குரல். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கிழித்துவிடாதீர்கள்.

ஆனால் என் 'ரொம்ப' அதற்குள் தாராபுரம் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் நாள் அது இதயத்தில் ஓட்டை. இரண்டாம் நாள் டிபி. வாரக் கடைசியில், பையனுக்கு ஒரு கிட்னிதான் என்று முடிவாகிவிட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டு, பெரியப்பா தன் மனைவியோடு நேரிலேயே கிளம்பி வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அறுபதை நெருங்குகிற வயது, சட்டைப்பையில் பேனா. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"யாருக்குங்க பாக்கோணும்?"

"எனக்குத்தானுங்க."

"என்ன தொந்தரவுங்க ஐயா?"

"அந்தக் கருமத்தம்பட்டித் தறிக்காரப் பையனுக்கு என்னவோ, அதேதானுங்க எனக்கும்."

குரல் புரிந்துவிட்டது. போனுக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்து அப்படியே படித்தேன். "இங்க யாரு வர்றாங்க, வரலைன்னு எதையும் சொல்றதில்லீங்க."

"சொல்ல வேண்டாமுங்க. அவனுக்குப் பாத்த வைத்தியத்தையே எனக்கும் பாத்துப்போடுங்க. போதும்."

மனதுக்குள் அவரைப் பாராட்டினேன். "உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொன்னாத்தானுங்க டோக்கன் போட முடியும்."

யோசித்தார். "தல சுத்துதுங்க."

"அதுக்கு ரெண்டாவது மாடிங்க."

"முட்டி வலிக்குதுங்க."

"மொத மாடிங்க."

"பல்லு..."

"கீழ, மருந்துக்கடைக்குப் பக்கத்துலீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அந்த அம்மா, கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "ஏனுங்க, மூணு மாசமா பனியன் ஒரசுனா சுருக்குங்குதுன்னு ஊட்ல மொனகறீங்கல்ல. அதையச் சொல்லுங்களே."

"அது ஒண்ணுமில்ல. நீ சும்மா இரு."

ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. உளவு பார்க்க வந்தவர் முகம் போய், மூன்றாவது மாடிக்குச் 'சும்மா' வருகிற முகம் வந்துவிட்டது. அந்த முகத்தைத்தான் எனக்கு ஏழு வருடமாகத் தெரியுமே. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு பக்கமுங்களா, ரெண்டு பக்கமுங்களா?"

"எடது பக்கம் மட்டுமுங்க. கட்டியாட்டம்."

அம்மா பையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து வைத்தார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு. கால் வீக்கத்துக்கு என்று ஐந்து மாதமாக இன்னொன்று.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். "வந்திருக்கறவரு துப்புத் துலக்க வந்தவருங்க சார். பாக்கறீங்களா, அனுப்பிடட்டுமா?"

"கட்டி நெஜமா?"

"நெஜமுங்க."

"அப்பத் துப்பு அப்புறம். மொதல்ல கட்டி."

அவரை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஜெர்கினோடு செந்தில் மாடி ஏறி வந்து நிற்கிறார். பனியன் இறுக்கம் பார்க்க அன்று பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தேன். மறந்தே போயிற்று. பெரியப்பாவின் மனைவி அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்திலை ஜெர்கினைப் பிடித்து இழுத்துப்போய்ப் போட்டோ எடுக்கிற அறையில் உட்காரவைத்தேன்.

"சத்தம் போடாம இங்கியே இருங்க. சட்டையக் கழட்டிப்போட்டு ரெடியா இருங்க."

"ஏனுங்க, ரிப்போர்ட்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. எதையும் கேக்காதீங்க."

பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பரிசோதனை அறைக்கும் போட்டோ அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. எத்தனை வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் வந்தபோது, உள்ளே டாக்டர், "பக்கத்து ரூம்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க" என்று சொல்வது கேட்டது. ஓடினேன். நான் கூடத்துப் பக்கம் இந்தக் கதவைத் திறந்தபோது, பெரியப்பா அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

ஒரு பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடித்த கறுப்புப் பனியனோடு செந்தில். இன்னொரு பக்கம், முன்பக்கம் திறந்த பச்சை அங்கியைக் கையால் பிடித்துக்கொண்டு பெரியப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வாங்க மாமா."

"வாங்க மாப்ள. வந்து நேரமாச்சுங்களா?"

"இப்பத்தானுங்க. அத்தை சௌக்கியமுங்களா?"

"வெளிய உக்காந்திருக்கறாங்க. உங்கம்மாளுக்குக் கால் வலி பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க. சாப்ட்டீங்களா மாமா?"

"ஆச்சுங்க. உங்க பக்கம் மழை உண்டுங்களா?"

"நேத்து ஒரு ஒழவு பேஞ்சுதுங்க."

"எங்களுக்குத் தூறலோட சரி."

"பேயுமுங்க மாமா. சரி, அப்ப நான் வாரேனுங்க."

"சரீங்க மாப்ள, பாத்துப் போங்க."

நீ ஏன் இங்கே என்று இருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதையை நான் குறை சொன்னதே கிடையாது. ஆனால் அன்றுதான் அதன் முழு பலத்தையும் பார்த்தேன். செந்தில் அதே மரியாதையோடு, சட்டை போடாமல், கறுப்புப் பனியனோடு கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அங்கே அத்தை இருந்தார். சட்டையையும் ஜெர்கினையும் எடுத்துக்கொண்டு ஓடி, வாசலில் மறித்துப் பின்படி வழியாக அனுப்பினேன்.

"முடிஞ்சுதுங்க. கல்யாணம் நின்னுபோச்சு" என்றார் படியில் நின்றுகொண்டு. ஒரு கை ஜெர்கினுக்குள் போகவே இல்லை. நான்தான் பிடித்து மாட்டிவிட்டேன். 'ரொம்ப' என்ற ஒரு சொல்லால் இதை நான்தான் செய்தேன் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் போன் செய்து சொன்னேன். நீங்களும் சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பாவுக்கு டாக்டர் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் எழுதியிருந்தார். சம்மதப் படிவத்தை நீட்டினேன். வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி கொண்டாரலீங்க அம்மணி."

சட்டைப்பையில் பேனா இருந்தது.

"நானே படிச்சுக் காட்டறேனுங்க. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன். ஒரு வரி விடாமல் படித்தேன். நீங்களும் எல்லாருக்கும் அப்படியே செய்யுங்கள். எல்லாருக்கும் என்று சொல்வது பொய்யாகிவிடக் கூடாது. அவர் தன் பேனாவை எடுத்து, மூன்று எழுத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். பெரியப்பா பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கோணும் அம்மணி. இந்த மாதிரி இருக்கற ஆம்பளைக்கு... குடும்பம் நடத்தறதுல... கொழந்த குட்டின்னு..."

"யாரைப் பத்திக் கேக்கறீங்க ஐயா?"

"பொதுவாத்தானுங்க."

"உங்களைப் பத்தின்னா நான் பேசலாமுங்க. உங்களுக்கு எத்தன பசங்க?"

"மூணு."

"பேரன் பேத்தி?"

"நாலு. அஞ்சாவது தை மாசமுங்க."

"அப்ப பதில் உங்ககிட்டயே இருக்குதுங்களே."

அவர் லேசுப்பட்டவர் இல்லை. "எனக்கு இது இப்ப வந்ததுதானே அம்மணி. சின்ன வயசுலயே இருந்தா?"

எது சொன்னாலும் அது செந்திலைப் பற்றிச் சொன்னதாகிவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்த டாக்டர் காதில் அது விழுந்திருந்தது.

"மார்ல இருக்கற சதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. இருந்தாலும் ரத்தத்துல ஹார்மோன் பாத்துருவேன். ஏதாச்சும் கோளாறு இருந்தா அதுக்குத்தான் மொதல்ல வைத்தியம். எல்லாம் சரியா இருந்தாத்தான் கத்தியவே எடுப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாருக்குமுங்களா?"

"எல்லாருக்கும்."

பெரியப்பா போட்டோ அறையின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"இன்னொண்ணுங்க அம்மணி. என்னைய இங்க பாத்ததா யாராச்சும் கேட்டா?"

"இங்க யாரு வர்றாங்க, வரலைன்னு எதையும் சொல்றதில்லீங்க."

"நல்ல பழக்கமுங்க" என்றார்.

பத்து நாளில் அவர் முடிவு வந்தது. புற்று இல்லை. கால் வீக்கத்து மாத்திரையின் வேலை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி, அதை எழுதிய டாக்டருக்கு நம் டாக்டர் கடிதம் கொடுத்தார். அவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். வலி சில வாரத்தில் போனது. கட்டி மெதுவாகத்தான் வடியும் என்று சொல்லி அனுப்பினோம்.

முடிவு வாங்கிய அன்றே பெரியப்பா தாராபுரம் போய்ப் பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டார். பையனுக்கு என்னதான் என்று வீட்டில் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். "எனக்குத் தெரியும். அது சொல்லக்கூடிய விஷயமில்ல. பையன் தங்கம். நான் கேரண்டி" என்றிருக்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பாவே சொல்லமாட்டேன் என்கிற அளவுக்கு நல்ல காரியம் என்னவாக இருக்கும் என்று சொந்தமெல்லாம் யோசித்து, ஏற்கெனவே கையில் இருந்த கிட்னியோடு அதைச் சேர்த்து, பையன் யாரோ ஒரு ஏழைக்குக் கிட்னி தானம் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு இரண்டு பத்திரிகை வந்தது. ஒன்று செந்திலிடமிருந்து, ஒன்று பெரியப்பாவிடமிருந்து. "கண்டிப்பா வரோணும், ஆனா என்னையத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க" என்று இருவரும் சொன்னார்கள். போனேன். எண்ணெய் வைக்கிற நேரம் வந்ததும் செந்தில் சட்டையைக் கழற்றி, எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் போட்டார். ஐநூறு பேரும் பார்த்தது மார்பை இல்லை. அவர் இடுப்புக்கு மேலே கிட்னி எடுத்த தழும்பு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். டிரோனும் இறங்கி வந்து பார்த்தது. ஒரு பாட்டையா தண்ணீர் ஊற்றிவிட்டு, "புண்ணியவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பந்தியில் கல்யாணப் பெண் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"குருவாயூர்ல ஆரம்பிக்கச் சொன்ன அக்கா நீங்கதானுங்களா?"

எடுத்த கவளத்தை இலையில் வைத்தேன். "எப்பச் சொன்னாருங்க?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியேங்க. சூரத் சேலைகூட நாந்தான் தேடிக் குடுத்தேன்."

"அப்ப உங்க பெரியப்பா கெளம்புறப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்தே இருக்கமாட்டாரே."

"அதனாலதானுங்க சொல்லல. மூணு மாசமா டாக்டர்கிட்டப் போங்கன்னு பெரியம்மா கெஞ்சறாங்க, அவரு கேக்கவே இல்ல. எப்படியோ அந்த மாடிக்குத்தானே போறாரு, கூடப்போயி அதையும் காட்டிட்டு வந்துருங்கன்னு பெரியம்மாகிட்ட நாந்தான் சொன்னேன்." நிமிர்ந்து, என் இலையைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில், "நல்லாச் சாப்புடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

நான் ஏழு வருடத்தில் கற்றுக்கொண்டதை அந்தப் பெண் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

போன மாதம் செந்தில் போன் செய்தார். கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பத்தோடு குருவாயூர் போனார்களாம். பெரியப்பாவுக்குக் கட்டி முழுவதும் வடியவில்லை, நான் வெளியே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். செந்தில் விடவில்லை. "கழட்டுங்க மாமா, எல்லாரும் சாமியத்தான் பாப்பாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

"மாமா கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. நல்ல தரிசனம். ஆனா வெளிய வந்து பாத்தா அவரு செருப்பக் காணமுங்க." குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நான் வெளிய நின்ன ஆறு தடவையும் ஒண்ணுகூடப் போனதில்லீங்க."